இடத்துப் பக்கம் எரிஞ்ச லைட்டு

உக்காருங்க. உங்க பிக்கப்பு வேலை முடிய இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், டீ சொல்லியிருக்கறேன். இப்ப வந்ததும் ஒண்ணு கேட்டீங்கல்ல, "பாய், பின்னாடி ட்ரெய்லரை மாட்டிட்டு ஓட்டறப்ப இந்தக் கண்ணாடில எரியற லைட்டை நம்பலாமா, பொய் சொல்லுமா"ன்னு? போன வருசம் வரைக்கும் அதை யார் கேட்டாலும் டக்குனு பதில் சொல்லிப்போடுவனுங்க. இப்ப வாய் வர்றதில்லை. ஏன்னு சொல்றேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

மொதல்லயே ஒண்ணு, எனக்கு இந்தக் காத்து கருப்பு சமாச்சாரமெல்லாம் சுத்தமா ஆகாதுங்க. இருபத்தாறு வருசமா இதே உக்கடத்துல ஆட்டோ எலக்ட்ரிக் வேலைதான். தானா ஹாரன் அடிக்குது பாய், தானா வைப்பர் ஓடுது பாய், பூசை போட்டும் நிக்கல பாய்னு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்க விட்டுட்டு எத்தனை வண்டி வந்திருக்குது தெரியுங்களா? அத்தனையும் எலி கடிச்ச ஒயரு. கரண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஒயரை இழுத்தவன்தான் பொய் சொல்லியிருப்பான்னு வர்றவங்ககிட்டயெல்லாம் நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நானு. அந்தத் திமிருக்குத்தான் இது நடந்துச்சோ என்னமோ.

அன்னூர்ப் பக்கம் ரங்கசாமி அண்ணன்னு ஒருத்தரு. தோட்டம் இருக்குது, சின்னதா பம்ப்செட் கம்பெனி ஒண்ணும் ஓட்டறாரு. ஊட்டுல தெலுங்கு பேசற குடும்பம், ஆனா மாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எந்த பாஷைலயும் நிறுத்த மாட்டாரு. ரேக்ளா பந்தயம்னா உசுரு. புதுசா ஒரு டபுள் கேபின் பிக்கப்பு எடுத்து, அதுக்குப் பின்னாடி மாடு ஏத்தறதுக்குன்னே ஒரு ட்ரெய்லர் அடிச்சிருந்தாரு. ரெண்டு மாடு பக்கத்துல பக்கத்துல நிக்கற மாதிரி, நடுவுல கழட்டி மாட்டற பைப்பு வச்சு, ரெண்டு பக்கமும் தகரம் அடிச்சது.

ட்ரெய்லர் மாட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், பின்னாடி வர்ற பைக்கு ஒண்ணும் கண்ணாடில விழாது. பக்கத்துல வர்ற வண்டியைக் கண்டுபிடிக்க பிக்கப்புல இருக்கற சென்சாரை ட்ரெய்லரே மறைச்சுக்கும். அதனால ட்ரெய்லரோட பின் மூலை ரெண்டுலயும் தனியா சென்சார் வச்சு, ஒயரை முன்னாடி கண்ணாடி வரைக்கும் இழுத்துக் குடுத்தேன். பக்கத்துல வண்டி வந்தா அந்தப் பக்கத்துக் கண்ணாடில ஆரஞ்சுக் கலர்ல எரியும். எரியறப்ப நீங்க அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டா பீப் பீப்னு கத்தும். மரம், கம்பம், சுவரு இதுக்கெல்லாம் எரியாதுங்க, கூடவே ஓடி வர்றதுக்கு மட்டும்தான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

வெள்ளிக்கிழமை மாட்டிக் குடுத்தேன். ட்ரெய்லரோட மதுக்கரை வரைக்கும் ஓட்டிப் பாத்தோம், ஒரு கொறை கிடையாது. ஞாயித்துக்கிழமை காங்கேயத்துக்கு அக்கட்ட ஒரு தோட்டத்துல மாடு ஒண்ணு ஏத்தப் போறேன், நீங்களும் கூட வாங்க பாய், லோடோட எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துக்கலாம்னு கூப்பிட்டாரு. எனக்கும் லீவு, சரின்னு போனேன். போறப்ப எல்லாம் தங்கம் மாதிரி வேலை செஞ்சுது. பஸ்ஸு வந்தா எரியும், தாண்டிப் போனா அணையும். ரங்கசாமி அண்ணன் ரெண்டு தடவை என் தொடையைத் தட்டி "பாய், நீங்க கெட்டிக்காரருங்க"ன்னாரு. எனக்குத் தலை கால் புரியலை.

அந்தத் தோட்டத்துல மாடு வளத்தது ஒரு அம்மா. அண்ணன் சுப்பக்கான்னு கூப்பிட்டாரு. அம்பது வயசுக்கு மேல இருக்கும், வாட்டசாட்டமான ஆளு. அவங்ககிட்ட ஒரு ஜோடி இருந்திருக்குது, கன்னுக்குட்டில இருந்தே ஒண்ணாப் பழகினது. மயிலைன்னு வெளுப்பா ஒண்ணு, காரின்னு கறுப்பா ஒண்ணு. வண்டில பூட்டினா மயிலை வலத்துப் பக்கம், காரி இடத்துப் பக்கம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காரி வயிறு ஊதி ஒரே நாள்ல செத்துப்போச்சாம். அதுல இருந்து மயிலை சரியாத் தீனி எடுக்கறதில்லை, வேற எடம் போனாலாவது பொழைக்கட்டும்னுதான் அந்தம்மா குடுக்கச் சம்மதிச்சிருக்குது.

இங்கதானுங்க தப்பு நடந்தது. எனக்கு அப்பப் புரியலை, மாட்டுக்காரரா இருந்தா நீங்க அங்கயே நிறுத்தியிருப்பீங்க. ரங்கசாமி அண்ணன் கட்டுத்தரைல ஏற்கனவே நிக்கற மாடு வலத்து மாடு. இதுவும் வலத்து மாடு. வலத்துல பழகினதை இடத்துல பூட்டினா ஓடாதாமுங்க, நாள் கணக்குல பழக்கோணும். இவரு என்ன பண்ணினாரு, இப்பவே ட்ரெய்லர்லயே இடத்துப் பக்கம் நிக்க வச்சுக் கொண்டுபோனா அன்னூர் போறதுக்குள்ள பாதி பழகிப்போடும்னு கணக்குப் போட்டுட்டாரு.

மாடு சட்டுனு ஏறுச்சுங்க, சண்டித்தனம் ஒண்ணும் பண்ணலை. நேரா வலத்துப் பக்கம் போயி நின்னுது. இவரு அதை இடத்துக்குத் தள்ளிக் கட்டினாரு. "ரா ரா"ன்னு தெலுங்குல வேற கூப்பிடறாரு, அதுக்கு என்ன தெரியும் பாவம். வலத்துப் பக்கத்தை அப்படியே காலியா விட்டாச்சு.

சுப்பக்கா சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிட்டு வந்து பாத்துச்சு.

"ஏனுங்க தம்பி, அங்க எதுக்குக் கட்டறீங்க? அது காரி எடமுங்க."

"பழக்கத்தானுங்கக்கா. நான் பாத்துக்கறேன், நீங்க வெசனப்படாதீங்க."

"வலத்துலயே கட்டுங்க கண்ணு. அவன் அங்க நிக்க மாட்டான்."

"செரிங்கக்கா, போற வழில மாத்திக் கட்டிக்கறேன்"னு சும்மா ஒப்புக்குச் சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டாரு. ஏத்தறதுக்கு முன்னாடியே மாட்டோட பழைய கயித்தை அந்தம்மா வச்சுக்கிட்டு புதுக் கயிறு போட்டு அனுப்பினாங்க, அது வழக்கம்தான்.

மணி மூணுங்க. ராத்திரியும் இல்லை, மழையும் இல்லை, சுள்ளுனு வெயிலு. தோட்டத்து மண் பாதையைத் தாண்டி தார் ரோட்டுல ஏறி வண்டி ஓரளவு வேகம் எடுத்ததும் இடத்துப் பக்கக் கண்ணாடில லைட்டு எரிஞ்சுது. நான் அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன், என்ற மூஞ்சிக்கு நேரா எரியுது. பைக்கு ஏதோ வருதாட்டம் இருக்குதுன்னு தலையை நீட்டிப் பாத்தேன். ரோடு வெறிச்சோன்னு கிடக்குது. அணைஞ்சிரும்னு விட்டேன். அணையலை. ஒரு மைலு, ரெண்டு மைலு, அஞ்சு மைலு. வலத்துப் பக்கம் கரெக்டா வேலை செய்யுது, லாரி வந்தா எரியுது, போனா அணையுது. இடத்துப் பக்கம் மட்டும் நின்னு எரியுது. வேகத்தடைல வண்டி நின்னா அணையும், நகந்தா மறுபடியும் எரியும்.

ரங்கசாமி அண்ணன் மொதல்ல சிரிச்சாரு, அப்பறம் என்னைத் திரும்பிப் பாத்தாரு. பல்லடத்துல ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தச் சொல்லிக் குதிச்சு எறங்கினேன். சென்சாரைத் தொடைச்சேன். ப்ளக்கைக் கழட்டி ஊதி மாட்டினேன். மாட்டு வாலு கீலு வெளிய தொங்குதான்னு பாத்தேன். ஒருவேளை மாடு இடத்துப் பக்கம் நிக்கறதால ட்ரெய்லர் சாஞ்சு, சென்சார் ரோட்டைப் பாக்குதோன்னு ஒரு சந்தேகம். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவுல கை விரலை வச்சு அளந்தேன். காலியா இருந்தப்ப ரெண்டு பக்கமும் ஆறு விரக்கடை இருந்துச்சு. இப்ப இடத்துப் பக்கம் மூணு, வலத்துப் பக்கம் அஞ்சு. சாஞ்சுதான் இருக்குது, ஆனா இந்தச் சாய்வுக்கெல்லாம் லைட்டு எரியக் கூடாது. அதுக்கும் சேத்து சென்சாரைத் தூக்கி வச்சுத் திருகினேன்.

கடைசியா ரெண்டு சென்சாரையும் இடம் மாத்திப் போட்டேன். இது எங்க தொழில்ல கண்ணை மூடிட்டு நம்பற வைத்தியமுங்க. சென்சார் கெட்டிருந்தா இப்ப கொளாறு வலத்துப் பக்கம் போகோணும். வண்டி நகந்துச்சு. வலத்துப் பக்கம் அமைதியா இருக்குது. இடத்துலயே எரியுது. நல்லா இருக்கற சென்சாரைக் கொண்டுபோயி வச்சாலும் அதுவும் ஆமா இருக்குது, ஆமா இருக்குதுங்குது. எனக்குப் பயம்னு சொல்ல மாட்டேன், தொழில் தெரியாதவன்னு பேரு வந்திருமேங்கற கவலை.

சோமனூர் போறப்ப மணி அஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமைங்கறதால தறிச் சத்தம்கூட இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்னு இடத்துப் பக்கம் ஒரு லேத் பட்டறை வாசல்ல தொட்டியைப் பாத்து அண்ணன் இண்டிகேட்டர் போட்டாரு. பீப் பீப்னு கத்துச்சு. அவரு என்னைப் பாத்தாரு, திருப்பலாமா பாய்னு கேக்கற மாதிரி. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அது சும்மா கத்துதுங்ணா, ஒண்ணும் இல்லை, திருப்புங்க."

நான்தானுங்க சொன்னேன். என்ற வாயால.

திருப்பினாரு. டமார்னு தகரத்துல ஒரு சத்தம், ஒரு பொம்பளை அலறல். பிரேக்கை மிதிச்சு நின்னோம். ஒரு டிவிஎஸ் அம்பது, புருசன் ஓட்டறாரு, பின்னாடி பொண்டாட்டி, முன்னாடி நின்னுட்டு வர்றது நாலு வயசுப் பொம்பளைப் புள்ளை. ட்ரெய்லருக்கும் ஓரத்து மண்ணுக்கும் நடுவுல சிக்கி, வண்டியோட சாக்கடை ஓரமா சாஞ்சு கிடக்கறாங்க. அல்லாவே, உசுருக்கு ஒண்ணும் இல்லை. அந்த மனுசனுக்கு முட்டி செராய்ச்சிருந்துச்சு, அவ்வளவுதான். அந்தம்மா புள்ளையோட கையையும் காலையும் தடவித் தடவிப் பாத்துட்டே இருக்குது. அந்த மனுசன் மட்டும் எந்திரிச்சு வந்து, "ஏனுங்க, பெரியவங்களா இருக்கறீங்க, கண்ணாடியைப் பாத்துத் திருப்ப மாட்டீங்களா?"ன்னாரு. அந்த நேரத்துலயும் ஏனுங்கன்னுதான் கேக்கறாரு. ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட எனக்கு இதமா இருந்திருக்கும். புள்ளையோட செவப்புச் செருப்பு ஒண்ணு ட்ரெய்லர் டயருக்கு அடில நசுங்கிக் கிடந்துச்சு. அதை நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

லைட்டே இல்லாம இருந்திருந்தா அண்ணன் தலையைத் திருப்பி நல்லாப் பாத்திருப்பாரு. லைட்டு ரெண்டு மணி நேரமா எரிஞ்சு எரிஞ்சு எங்க ரெண்டு பேருக்கும் அது மேல மதிப்பே போச்சு. பொய் சொல்ற லைட்டு இல்லாத லைட்டை விட மோசமுங்க. இந்த வேலைல ஆளைக் கொல்ல முடியும்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

அவங்களைத் தேத்தி அனுப்பிட்டு, லைட்டு ஒயரை வெட்டி எறிஞ்சிடலாம்னு கட்டரை எடுத்துட்டு ட்ரெய்லர்ப் பக்கம் போனேன். போனவன் நின்னுட்டேன். மயிலை கழுத்தை இடத்துப் பக்கம் முழுசாத் திருப்பி, தகரத்துக்கும் அதுக்கு மேல ஓடற பைப்புக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா நாக்கை வெளிய நீட்டி நக்கிட்டு இருக்குது. தகரத்தை இல்லைங்க. வெளிய, காத்துல. மேல இருந்து கீழ, மேல இருந்து கீழ, ஜோடி மாடு ஒண்ணை ஒண்ணு கழுத்துல நக்குமே, அந்த மாதிரி. அண்ணனும் வந்து பாத்தாரு.

அப்பப் பாத்து அவரு போனு அடிச்சுது. சுப்பக்கா. ஸ்பீக்கர்ல போட்டாரு.

"தம்பி, எங்க போயிட்டிருக்கறீங்க? தண்ணி குடிச்சானுங்களா?"

"இப்பத்தானுங்கக்கா காட்டப் போறோம்."

"வலத்துலதான கட்டியிருக்கறீங்க?"

அண்ணன் என்னைப் பாத்தாரு. "ஆமாங்கக்கா, வலத்துலதானுங்க."

"செரிங்க கண்ணு. பொழுதோட போயிச் சேருங்க"ன்னு வச்சிட்டாங்க.

போனைப் பாக்கெட்ல போட்டவரு அப்படியே ட்ரெய்லர் கதவைத் திறந்தாரு. பொய் சொன்னதை நிசமாக்கறாருன்னுதான் மொதல்ல நெனச்சேன். நடுப் பைப்பைக் கழட்டி, கயித்தை அவுத்தாரு, இழுக்கக்கூட இல்லை. அதுவே நாலு எட்டு வச்சு வலத்துப் பக்கம் போயி நின்னுது. தண்ணி ஒரு குடம் குடிச்சுது. அப்பறம் கழுத்தை இடத்துப் பக்கம் திருப்பி, காலியா இருக்கற எடத்துல ஒரு நக்கு நக்கிட்டு அசை போட ஆரம்பிச்சுது. கட்டரு என் கையிலயே இருந்துச்சு. வெட்டலை.

வண்டியை எடுத்தோம். லைட்டு எரியலை.

கருமத்தம்பட்டி தாண்டியாச்சு, எரியலை. ஒரு பஸ்ஸு இடத்துப் பக்கம் புகுந்து போனான், எரிஞ்சுது, அவன் போனதும் அணைஞ்சுது. ஒரு புல்லட்டு வந்தான், எரிஞ்சுது, அணைஞ்சுது. வெள்ளிக்கிழமை மாட்டிக் குடுத்தப்ப எப்படியோ அப்படி. அன்னூர் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ரோட்டைப் பாக்கலைங்க, அந்தக் கண்ணாடியைத்தான் பாத்தோம்.

தோட்டத்துல போயி நிறுத்தினதும் அண்ணன் ஊட்டு அம்மணி ஆரத்தித் தட்டோட வந்தாங்க. மாட்டை இன்னும் எறக்கலை. எனக்கு மனசு கேக்கலை, தொழில்காரன் புத்தி, ஏன் சரியாச்சுன்னு தெரியோணும். இப்ப மாடு வலத்துல நிக்குது, அதனால சாய்வு மாறி சென்சார் நேராயிருக்கும், அவ்வளவுதான் விசயம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு டயரு பக்கத்துல குந்த வச்சு உக்காந்தேன். வலத்துப் பக்கம் விரலை விட்டுப் பாத்தேன். மூணு. ஆமா, மாடு நிக்கற பக்கம், மூணுதான் இருக்கோணும். அப்ப காலியா இருக்கற இடத்துப் பக்கம் அஞ்சு இருக்கோணும்ல? சுத்திப் போயி விரலை விட்டேன்.

மூணு.

சமதரைங்க, சிமெண்டு போட்ட களம். மறுபடியும் வச்சேன். மூணு விரலுக்கு மேல உள்ள போகலை. ரெண்டு மாடு ஏத்தினா எப்படி உக்காருமோ அப்படி உக்காந்திருக்குது அந்த ட்ரெய்லரு. உள்ள எட்டிப் பாக்கற தைரியம் எனக்கு வரலை. அம்மணி ஆரத்தி சுத்தறாங்க, அண்ணன் கதவுத் தாப்பாளுல கையை வைக்கறாரு. எறங்கறதைப் பாக்க நான் நிக்கலைங்க. ஒண்ணுக்குப் போறேன்னு சொல்லிட்டு தென்னைமரத்துக்கு அக்கட்ட போயி நின்னுட்டேன்.

என்ன கொளாறு பாய்னு அண்ணன் கேட்டாரு. லூஸ் கனெக்‌ஷனுங்ணான்னேன். இருபத்தாறு வருசத்துல தொழில் விசயத்துல தெரிஞ்சே சொன்ன மொதப் பொய்யி. அவரு "செரிங்க பாய்"னாரு. விரல் வச்சுப் பாத்ததை அவருகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. ஆனா மயிலையை இடத்துல பழக்கற பேச்சை அவரு எடுக்கவே இல்லை. பந்தயத்துக்கு வேற ஜோடி வாங்கிட்டாரு. இது சும்மா தின்னுட்டு நிக்குது. எப்பவாச்சும் டாக்டரு கிட்டக் கொண்டுபோனா வலத்துலதான் கட்டறாரு, இடத்துப் பக்கத்துல ஒரு தீவன மூட்டைகூட வைக்கறதில்லைன்னு அவரு டிரைவரு சொன்னான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. லைட்டு சரியா வேலை செஞ்சுதுன்னா, காங்கேயத்துல இருந்து சோமனூர் வரைக்கும் எங்க பக்கத்துல ஒண்ணு ஓடி வந்திருக்குது. ஒண்ணுமே வரலைன்னா, என்ற வேலை தப்பு, அந்தப் புள்ளையை நான்தான் கொல்லப் பாத்தேன். ரெண்டுல எதை நம்பினாலும் எனக்குத் தூக்கம் வர்றதில்லைங்க. அதனால உங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான். எரிஞ்சா திருப்பாதீங்க. ஆளே இல்லைன்னாலும் நில்லுங்க, எறங்கிப் பாருங்க.

அந்த நாள்ல இருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. கடைக்கு எந்த ட்ரெய்லர் வந்தாலும் கை தானா மட்காட்டுக்குக் கீழ போயிருது. சித்த முன்னாடி உங்கள்துலயும் வச்சுப் பாத்தனுங்க. காலி ட்ரெய்லரு, ரெண்டு பக்கமும் சமமாத்தான இருக்கோணும், இருந்துச்சு. அது தெரிஞ்சும் இடத்துப் பக்கம் மட்டும் ரெண்டு தடவை வச்சுப் பாத்தேன்.